டோவரைப் புறாமலை ஆக்கிய கதை

என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் மேடையேறிப் பேசியிருக்கிறேன். பேசிய பொருள் நாய்களின் பெயர். மேடை என்றதும் பெரிதாக எண்ணவேண்டாம். திருகோணமலையில் எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த வாசிகசாலையின் இரண்டு மர வாங்குகளைச் சேர்த்துப் போட்டு, மேலே ஒரு பாயை விரித்திருந்தார்கள். நான் பேசி முடித்ததும் கை தட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள். அந்தச் சத்தம் காதில் இருந்த காலத்தில் ஒரு நாயின் உயிரைத் தொலைத்தேன். என் மனைவிக்கு இருந்த ஒரே பேச்சுத்துணையும் அந்த நாய்தான்.

வெள்ளைக்காரக் கடற்படை எங்கள் துறைமுகத்தில் இருந்த காலத்தில் நான் சீனன்குடாவில், எண்ணெய்த் தாங்கிகளைக் கவனிக்கும் காரியாலயத்தில் கிளாக்கராக இருந்தேன். ஆங்கிலம் நன்றாகப் படித்தவன். எவ்வளவு நன்றாக என்றால், மழை வரும்போல இருக்கிறது என்று என் துரை சொன்னால், வெயில் எரிக்கும்போதே குடையை விரிக்கும் அளவுக்கு. துரை நல்ல மனிதர். என்னைத் திட்டியதில்லை. திட்டுவதற்கு நான் இடம் வைத்ததும் இல்லை.

சுதந்திரம் கிடைத்துப் பத்து வருடம் ஆகப்போகும் காலத்தில் அவர்கள் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டார்கள். துரைமார் வீட்டுச் சாமான்களை எல்லாம் விற்றார்கள். ஊரிலுள்ள கிளாக்கர்மார் அத்தனை பேரும் சீனன்குடாவில் கூடினோம். சுதந்திரத்தில் எங்கள் பங்கு கதிரை, மேசை, கண்ணாடி அலுமாரி என்று வண்டியேறி வந்தது. மனைவியையும் மாட்டுவண்டியில் கூட்டிக்கொண்டுபோய், நான் வலைக்கதவு போட்ட சாப்பாட்டு அலுமாரி ஒன்றை வாங்கினேன். நாய் அதனோடு சும்மா வந்தது.

தாய் வழியில் ஏதோ இங்கிலாந்து வம்சம். தகப்பன் வழி சீனன்குடா. மண்ணிற உடம்பு, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். கழுத்தில் தடித்த தோல்பட்டி. அதில் பித்தளைத் தகடு. தகட்டில் ஆங்கிலத்தில் பெயர் வெட்டியிருந்தது: டோவர். அதே பட்டியில்தான் நகரசபை கொடுத்த நாய் லைசன் வில்லையும் தொங்கியது.

துரையின் பெண்சாதி, நோனா, அழுதுகொண்டே கயிற்றை நீட்டினார். "நாங்கள் பிறந்து வளர்ந்த ஊரின் பெயர் அது. இதைக் கூப்பிடும்போதெல்லாம் வீட்டில் இருப்பது போல இருக்கும்" என்றார். நான் அதைத் தமிழில் என் மனைவிக்குச் சொன்னேன். அவள் நோனாவின் கண்ணைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், கயிற்றை வாங்கிக்கொண்டாள். அதற்குள் எனக்குத் தெரியாத ஏதோ ஒரு பேச்சுவார்த்தை அந்த இரண்டு பெண்களுக்கும் இடையில் முடிந்துவிட்டிருந்தது. சில துரைமார் தங்கள் நாய்களை இன்னொருவர் கையில் விட மனமில்லாமல், கப்பலேறும் நாளில் சுட்டுவிட்டார்கள். அன்பினால் செய்தது என்றார்கள். வெள்ளைக்காரனின் கொடுமைக்கு உதாரணமாக அதை நான் பிறகு பல பேரிடம் சொல்லித் திரிந்தேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு தங்காமல் போயின. இரண்டாவதற்குப் பிறகு என் மனைவி கோயிலுக்குப் போவதை விட்டாள். அயலாரோடு வேலியில் நின்று கதைப்பதை விட்டாள். என்னோடு கதைப்பது, 'சாப்பிட வாங்கோ', 'சீனி முடிஞ்சுது' என்ற அளவில் நின்றது. நானும் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அந்த அமைதியை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

டோவர் வந்து கொஞ்ச நாளில் குசினிக்குள், அடுப்படியில், அவளுடைய பேச்சுக் கேட்கத் தொடங்கியது.

"டோவர், இண்டைக்கு மீன்காரன் வரேல்லையடா. இறக்கக்கண்டிப் பக்கம் காத்தாம், ஒருத்தரும் கடலுக்குப் போகேல்லையாம். நீயும் நானும் பருப்போட சமாளிப்பம். ஐயாவுக்கு முட்டை கிடக்கு. என்னடா பாக்கிறாய்? முட்டை உனக்கில்லை."

நான் முன்னறையில் இருந்து கேட்டேன். அவ்வளவு நீளமாக அவள் பேசி எத்தனையோ காலம். கொஞ்ச நாளில் நாயைக் கூட்டிக்கொண்டு கடற்கரைவரை நடக்கத் தொடங்கினாள். நாய்க்குக் காத்து வேண்டுமாம். பிறகு வேலியடியில் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி நாயைப் பற்றிக் கேட்டாள், இவள் பதில் சொன்னாள், கதை நாயிலிருந்து சம்பலுக்குப் போனது. ஒரு நாய் செய்ததை நான் இத்தனை வருடமாகச் செய்யவில்லை. அதற்காக நாய்க்கு நன்றி சொல்லியிருக்கலாம். எனக்கு வேறு கவலை இருந்தது.

நான் அப்போது அரசாங்கக் காரியாலயமான கச்சேரிக்கு மாறிவிட்டேன். பின்னேரங்களில் வாசிகசாலைக்குப் போவேன். அங்கே தலைவர் சங்கக்கடை மனேஜர். அரிசி நிறுக்கும்போது பேசாதவர், வாசிகசாலையில் நிறுக்காமல் பேசுவார். அவர் முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன கிளாக்கர், துரை போயிட்டார், நாயை விட்டிட்டுப் போயிருக்கிறாராம். நீர் அதைப் பாக்கிறீரோ, இல்லாட்டி அது உம்மைப் பாக்குதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். தபாற்கந்தோரில் வேலை செய்த நிலாவெளிக்காரர் ஒருவர் இன்னும் ஒரு படி போனார்.

"அதோட இங்கிலீசிலயோ கதைக்கிறீங்கள்? காலமை 'குட் மோர்னிங்' எண்டு ஆர் முதல் சொல்லுறது?"

அது சிங்களம் மட்டும் சட்டம் வந்து, மொழிக்காக நாடே கொதித்துக்கொண்டிருந்த காலம். பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். எங்கள் எழுத்து எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக்கூடாது என்று வேறு யாரோ தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கோபத்துக்கு நியாயம் இருந்தது. அதை இன்றும் சொல்வேன். அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் நான் இறக்கி வைத்த இடம்தான் வெட்கக்கேடு. பதினைந்து வருடம் துரைக்குக் குடை பிடித்த கையை எங்கேயாவது கழுவவேண்டும் என்று இருந்தது எனக்கு. கழுவக் கிடைத்தது நாய்.

நோனா சொன்னதை வைத்தே நான் கிளம்பினேன். "அவன் தன்ட ஊரை நாயின்ட கழுத்தில கட்டி எங்கட கடற்கரையில உலாவ விட்டிருக்கிறான். எங்களுக்கு ஊர் இல்லையோ? இந்த நாய்க்கு எங்கட திருகோணமலை மண்ணில இருந்து ஒரு பேர் வைக்கப்போறன்" என்றேன். வாசிகசாலை எழுந்து நின்றது. மனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெயரைப் பொதுவில் தெரிவு செய்வது என்று முடிவானது. நாய் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை.

முதலில் தம்பலகாமம் என்றேன். மனேஜரின் முகம் மாறியது. அவர் தம்பலகாமத்துக்காரர் என்பதை நான் மறந்துபோனேன்.

"கோணநாயகர் இருக்கிற ஊர். வயலும் கோயிலும் உள்ள மண். அங்க கொண்டுவந்து நாயைக் கட்டாதையும்" என்றார்.

"அப்ப நிலாவெளி?"

தபாற்கந்தோர்க்காரர் கதிரையை விட்டு எழும்பினார். "இஞ்ச பாருங்கோ, நாளைக்கு நாய்க்குச் சொறி வரும். 'எங்கட நிலாவெளிக்குச் சொறி பிடிச்சிட்டுது' எண்டு உங்கட மனிசி வேலியால சொல்லுவா. என்ட தங்கச்சிக்கு அங்க கலியாணம் பேசுற நேரம் நான் அதைக் கேட்டுக்கொண்டு இருக்கவோ?"

யாரோ கிண்ணியா என்றார்கள். மூலையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த இரும்புக்கடை நானா பேப்பரை மடித்தார். அவர் கிண்ணியாக்காரர், முஸ்லிம். கடை பூட்டியதும் வாசிகசாலைக்கு வந்து எல்லாப் பேப்பரையும் வாசித்துவிட்டுத்தான் போவார்.

"தம்பிமார், நாய் எங்கட வாசலுக்கே வரப்படாது எண்டு இருக்கிறம். நீங்க ஊரின்ட பேரிலயே ஏத்தப் பாக்கிறீங்களோ?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை. அவர் எங்களுக்காக இரங்கியதுபோல, "நல்ல பேராக் கிடைச்சாச் சொல்லுங்க. நானும் வந்து கை தட்டுறன்" என்று சொல்லி மறுபடியும் பேப்பரை விரித்தார்.

கன்னியா என்றபோது தையற்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அம்மா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை அந்த வெந்நீர்க் கிணத்தடியிலதான் செய்தனான். ஒழுங்கையில நிண்டு 'கன்னியா, வா வா' எண்டு நீங்கள் கூப்பிட்டா, எனக்கு மெசினில கால் ஓடாது" என்றார். கோணேசர் கோயில் நிற்கும் கோணமலை என்ற பேச்சை எடுக்க ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவ்வளவு பைத்தியம் அங்கே யாருக்கும் இல்லை.

எஞ்சியிருந்தது என் சொந்த ஊர். என் மனைவியும் அதே ஊர்தான். வீட்டுக்குப் போய் மெதுவாகக் கதையைத் தொடங்கினேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, என்னைப் பெத்த ஐயாவைக் கச்சேரியடியில ஆராவது பேர் சொல்லிக் கூப்பிடினமோ? ஊரைச் சொல்லித்தானே கூப்பிடினம். 'இன்ன ஊரார் வாறார்' எண்டுதானே சொல்லினம். ஐயா வந்து முன்னறையில இருக்கேக்க நீங்கள் நாயைக் கூப்பிடுவீங்களோ, ஐயாவைக் கூப்பிடுவீங்களோ?" என்றாள். துருவல் நிற்கவில்லை. "அதுக்கு ஒரு பேர் கிடக்குத்தானே. அதுக்கு வடிவாத் தெரிஞ்ச பேர். ஏன் உங்களுக்கு இந்த வேலை?"

அந்த ஊரின் பெயரை நான் இங்கேயும் எழுதப்போவதில்லை. மாமனார் காலமாகி நெடுங்காலம் ஆகிவிட்டது என்றாலும்.

ஆக, நாய்களுக்கு நாட்டுப் பெயர் வேண்டும் என்பதில் திருகோணமலை முழுவதும் ஒரே மனதாக இருந்தது. பெயரைத் தருவதற்குத்தான் ஓர் ஊரும் ஆயத்தமாக இல்லை. கடைசியில் மனேஜரே வழி சொன்னார்.

"ஆக்கள் குடியில்லாத இடமாப் பாரும்."

நிலாவெளிக்கு எதிரே கடலில் ஒரு பாறைத்தீவு இருக்கிறது. புறாமலை என்போம். அங்கே புறாக்களைத் தவிர ஒருவரும் இல்லை. தபாற்கந்தோர்க்காரர் மெல்லிய குரலில், "அது எங்கட கடலுக்கைதானே..." என்று தொடங்கினார்.

"நீர் அங்கயோ குடியிருக்கிறீர்?"

"இல்லை."

"அப்ப, விருப்பமில்லையெண்டா புறா வந்து சொல்லட்டும்" என்றார் மனேஜர். ஒருமனதாக நிறைவேறியது. வெள்ளைக்காரக் கடற்படை பீரங்கி சுட்டுப் பழகியது அந்தத் தீவில்தான் என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். உடனே பெயருக்கு வீரமும் சேர்ந்துவிட்டது. காயம்பட்ட தீவின் பெயரை எதிரியின் நாய்க்கு வைக்கிறோம் என்று மனேஜர் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது யோசித்தால், அந்த வசனத்தில் யார் யாரைப் பழிவாங்கினார்கள் என்றே விளங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்த வாங்கு மேடையில் நான் பேசினேன். நாயையும் கொண்டுபோயிருந்தேன். பேச்சின் உச்சத்தில் குனிந்து, அதன் கழுத்திலிருந்த தோல்பட்டியைக் கழற்றி உயர்த்திப் பிடித்தேன். வெள்ளைக்காரனின் ஊர்ப்பெயர் எங்கள் கண்முன்னால் கழன்றது என்றேன். கை தட்டினார்கள். இரும்புக்கடை நானாவும் சொன்னபடி வந்து தட்டினார். மனேஜர் எழுந்து, தன் வீட்டு நாய் ரெக்ஸ் அன்று முதல் மன்னன் என்று அறிவித்தார். அதற்கும் தட்டினார்கள். பட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து உடுப்பு அலுமாரிக்குள் என் பழைய காற்சட்டைகளுக்குக் கீழே வைத்தேன். லைசன் வில்லையும் அதோடு போனது. வெள்ளைக்காரன் எடுத்த லைசன்தானே என்று நினைத்தேன். நாயின் கழுத்தில் சணல் கயிறு ஒன்றைக் கட்டினேன்.

நாய் பெயரை ஏற்கவில்லை. பாண் துண்டை நீட்டி "புறாமலை" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பாணுக்கு வந்தது. பாண் இல்லாமல் கூப்பிட்டால், தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தது. கருவாடு, எலும்பு எல்லாம் வைத்துப் பழக்கினேன். புறாமலை என்றால் ஏதோ தின்கிற சாமான் என்ற அளவுக்கு அது விளங்கிக்கொண்டது. கையில் தின்கிற சாமான் இல்லாதவன் அந்தச் சொல்லைச் சொன்னால் அவனை அது ஓர் ஏமாற்றுக்காரனாகத்தான் பார்த்தது.

அது பழகாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். நான் கச்சேரிக்குப் போனதும் குசினியில் அது டோவராகவே இருந்தது. ஒருநாள் நேரத்தோடு வந்து கையும் களவுமாகப் பிடித்தேன்.

"நான் ஊருக்கு முன்னால பேசினவன். வீட்டுக்குள்ள நீர் இப்பிடிச் செய்தா என்ட முகம் என்னத்துக்கு?" என்றேன்.

அவள் அடுப்படியில் குந்தியிருந்தபடியே சொன்னாள். "நீங்கள் என்ன பேரையும் வையுங்கோ. எழுதி ஒட்டுங்கோ. தெருவில நான் பழைய பேரைச் சொல்லமாட்டன். ஆனா இந்தக் குசினிக்குள்ள என்னை விட்டிடுங்கோ. எனக்கு இது ஒண்டுதான் கிடக்கு."

அதற்குப் பிறகு தெருவில் அவள் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நாக்கைத் தட்டி 'ச்சு ச்சு' என்பாள். எனக்காக என் மனைவி பெயரில்லாத நாயோடு கடற்கரையில் நடந்தாள். நான் அதையும் ஒரு வெற்றியாகவே எண்ணினேன்.

அந்த வருடம் வெயில் காலத்தில் விசர்நாய் ஒன்று சந்தையடியில் இரண்டு பேரைக் கடித்தது. நாய் பிடிக்கிறவர்கள் இறங்கினார்கள். கம்பி போட்ட ஒரு தள்ளுவண்டி, நீளத் தடியின் நுனியில் சுருக்கு. பட்டியும் வில்லையும் இல்லாத நாய் எதுவென்றாலும் வண்டிக்குள் போகும். எனக்கு இது தெரியும். அலுமாரியிலிருந்து பட்டியை எடுத்துக் கட்டவேண்டும் என்றும் நினைத்தேன். தகட்டிலிருந்த பெயரை அராவி எடுத்துவிட்டுக் கட்டலாம் என்று தள்ளிப்போட்டேன். அராவித் தருமாறு இரும்புக்கடை நானாவிடம் கேட்கவேண்டும், அவர் ஏதாவது சொல்லிச் சிரிப்பார் என்று பிறகும் தள்ளிப்போட்டேன்.

ஒரு விடுமுறை நாள் காலையில் வாசிகசாலைக்குப் போனேன். நாயும் பின்னால் வந்தது. நான் உள்ளே பேப்பரை எடுத்து முதல் பக்கத்தை முடிக்கவில்லை, வெளியே சத்தம். வந்து பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் நிறுத்தியிருந்த மாட்டுவண்டிக்குக் கீழே என் நாய் ஒடுங்கிக்கொண்டு நிற்கிறது. இரண்டு பக்கமும் சுருக்குத் தடியோடு ஆட்கள்.

"அது என்ட நாய்" என்றேன்.

அவர்களில் மூத்தவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தான். "பட்டி எங்க ஐயா?"

"வீட்டில கிடக்கு."

"எல்லாற்ற பட்டியும் வீட்டிலதான் கிடக்கு. நாய்தான் றோட்டில நிக்குது." தன் ஆட்களைப் பார்த்துச் சிரித்தான்.

நான் தெருவைக் கடக்கப் போனேன். தடியை எனக்குக் குறுக்கே நீட்டினான். "கிட்டப் போகாதேங்கோ. நேத்து ஒருத்தர் தன்ட நாய் எண்டு போய்த் தூக்கி, அது அவரையே கடிச்சு, கடைசியில பழி எங்களுக்கு. அதில நிண்டு கூப்பிடுங்கோ. வந்தாக் கொண்டு போங்கோ. வராட்டி எங்கட."

நியாயமான ஏற்பாடு. எந்த நாயும் தன் ஆள் கூப்பிட்டால் வரும். என் நாயும் வரும். என்ன பெயருக்கு வரும் என்பதும் எனக்குத் தெரியும்.

பின்னால் வாசிகசாலைப் படிகளில் மனேஜர் வந்து நின்றார். தபாற்கந்தோர்க்காரர் நின்றார். தையற்கடைக்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார். என் பேச்சுக்குக் கை தட்டியவர்கள் எல்லோரும் அங்கே இருந்ததுபோல எனக்குத் தோன்றியது. உண்மையில் ஏழெட்டுப் பேர்தான் இருந்திருப்பார்கள்.

"புறாமலை!" என்று கூப்பிட்டேன்.

நாய் என் குரலை அறிந்து காதை நிமிர்த்தியது. என் கையைப் பார்த்தது. கையில் ஒன்றும் இல்லை.

"என்ன ஐயா, நாயைக் கூப்பிடச் சொன்னா இடத்தைக் கூப்பிடுறீங்கள்?" என்றான் நாய் பிடிக்கிறவன். தெரு சிரித்தது.

மனேஜர் பின்னாலிருந்து, "விடாதையும் கிளாக்கர், சத்தமாக் கூப்பிடும். பழகும்" என்றார்.

சத்தமாகக் கூப்பிட்டேன். நாய் வண்டிச் சக்கரத்தோடு இன்னும் ஒட்டிக்கொண்டது. மற்றப் பெயர் என் வாயில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் நாய் ஓடி வந்திருக்கும். ஏழெட்டுப் பேர் சிரித்திருப்பார்கள். துரையின் கிளாக்கர் துரையின் கிளாக்கர்தான் என்று நாலு நாள் கதைத்திருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்தக் கணத்தில் என் படித்த மூளை மிக அழகாக வேலை செய்தது. பின்னேரம் பட்டியையும் வில்லையையும் கொண்டுபோய்க் காட்டினால் நாயைத் தந்துவிடுவார்கள், இங்கே நின்று ஏன் மானத்தை விடவேண்டும் என்றது. எவ்வளவு சரியான யோசனை என்று எனக்கே பெருமையாக இருந்தது.

"சரி, உங்கட கடமையைச் செய்யுங்கோ. பின்னேரம் லைசனோட வந்து எடுக்கிறன்" என்றேன். கச்சேரியில் கோப்பு ஒன்றை மூடிவிட்டுப் பேசுகிற அதே குரல்.

அவன் தோளைக் குலுக்கினான். சுருக்கு விழுந்தது. நாய் என்னைப் பார்த்துக்கொண்டே இழுபட்டுப் போனது. குரைக்கவில்லை. நான் உள்ளே போய்ப் பேப்பரின் மிச்சப் பக்கங்களை வாசித்தேன். வாசித்தேன் என்பது பொய். விரித்து வைத்திருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் மனைவி, "அது எங்க?" என்றாள். "அங்கால எங்கயோ நிக்குது" என்றேன். சோறு போட்டாள். தின்றேன். அவள் படுத்துக் கண் அயரும்வரை காத்திருந்தேன். அவளுக்குத் தெரியாமல் பட்டியை எடுக்கவேண்டும், அதற்காகத்தான். கேட்டால் காலையில் நடந்ததைச் சொல்லவேண்டி வரும். இப்படி மானத்தைக் காப்பாற்றுவதற்கு எடுத்த நேரம்தான் அந்த நாயின் மிச்ச ஆயுள்.

சைக்கிளில் ஊருக்கு வெளியே அவர்களுடைய இடத்துக்குப் போனபோது தள்ளுவண்டியைக் கழுவி வெயிலில் காயவிட்டிருந்தார்கள். மூத்தவன் மரத்தடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். நான் நீட்டிய பட்டியைப் பார்த்தான்.

"விசர் காலத்தில வைச்சிருக்கிறேல்லை ஐயா. கொண்டுவந்த உடன முடிச்சிடுறது" என்றான். பிறகு, என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "நல்ல பட்டி. கட்டியிருக்கலாமே" என்றான்.

திரும்பும் வழியில் மனேஜர் வீட்டைக் கடக்கவேண்டும். வளவுக்குள் அவருடைய மனைவி, "ரெக்ஸ்! ரெக்ஸ்! உள்ளுக்கு வா!" என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. வாசற் படலையடியில் மனேஜர் நாயின் பட்டியை இறுக்கிக்கொண்டிருந்தார். வில்லை வெயிலில் மின்னியது. நான் சைக்கிளை நிறுத்தினேன்.

"மன்னன் எண்டல்லோ சொன்னீங்கள்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "அது வாசிகசாலைக்கு, கிளாக்கர். வீட்டில மனிசிக்கு அதெல்லாம் வாய்க்குள்ள வருமோ? நீர் என்ன, வீட்டிலயும் உண்மையாவே மாத்தினீரோ?"

அவரைக் கோபிக்க எனக்கு உரிமை இருக்கவில்லை. அவர் பொய் சொன்னார், அவருடைய நாய் உயிரோடு இருந்தது. நான் மட்டும்தான் அந்த ஊரில் கொள்கைப்பிடிப்போடு நடந்தவன்.

வீட்டில் பட்டியைப் பழைய இடத்தில் வைத்தேன். மனைவி எழும்பி வாசலில் நின்றாள். நாய் பின்னேரம் தின்கிற சோற்றைக் கிண்ணத்தில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"காலமையில இருந்து காணேல்லை" என்றேன். "பழைய இடத்துக்குப் போயிட்டுதோ தெரியாது. நாய்கள் அப்பிடித்தானே."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் தெளிந்தது. "ஓம், ஓம். நோனாவைத் தேடிப் போயிருக்கும். சீனன்குடாவிலதான் நிக்கும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாப்பம்" என்றாள்.

பல வருடங்களாக அவள் பஸ் ஏறியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டும் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். துண்டு மீனும் சோறும் வாழையிலையில் பொட்டலமாகக் கட்டி மடியில் வைத்துக்கொண்டாள். சீனன்குடாவில் இறங்கி, பழைய துரைமாரின் பங்களாக்கள் இருந்த பக்கம் நடந்தோம். இப்போது கம்பிவேலி. உள்ளே போக அனுமதி இல்லை. படலையில் ஒரு சிங்களப் பெடியன் துவக்கோடு காவல் நின்றான். அவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்தது.

அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்த்து, "டோவர்!" என்று கூப்பிட்டாள்.

அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெருவில், ஒரு படலைக்கு முன்னால், ஒரு துவக்குக்காரனுக்கு முன்னால். "டோவர்! டேய் டோவர்! அம்மா வந்திருக்கிறன், வாடா!"

காவல்காரப் பெடியன் கிட்ட வந்தான். "என்ன அம்மா, நாயா? என்ன பேர்?"

"டோவர். மண்ணிறம். ஒரு காது இப்பிடி மடிஞ்சு கிடக்கும்" என்று தன் காதை மடித்துக் காட்டினாள்.

அவன் சிரிக்கவில்லை. உள்ளே திரும்பி, வாயில் இரண்டு கைகளையும் குவித்து, "டோவர்! டோவர்!" என்று கூப்பிட்டான். அவனுக்கு அந்தப் பெயர் யாருடையது, எந்த நாட்டுடையது என்ற கவலை எதுவும் இருக்கவில்லை. ஓர் அம்மாவின் நாயைக் கூப்பிட்டான்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கள் ஏன் பேசாம நிக்கிறீங்கள்? உங்கட குரல் தூரம் கேக்குமே. கூப்பிடுங்கோவன்." பிறகு, நான் கோபிப்பேனோ என்று பயந்தவள்போல மெதுவாக, "மற்றப் பேர் வேண்டாம். அது அதுக்குத் தெரியாது" என்றாள்.

கூப்பிட்டேன். "டோவர்!" என்றேன். ஒரு தடங்கலும் இல்லாமல் வாயில் வந்தது. நல்ல குரல் எனக்கு. எண்ணெய்த் தாங்கிகள் வரைக்கும் போயிருக்கும். "இன்னொருக்கா" என்றாள். இன்னொருக்காக் கூப்பிட்டேன். பஸ் வரும்வரை மூன்று பேரும் மாறி மாறிக் கூப்பிட்டோம். பொட்டலத்தைக் காவல்காரனிடம் கொடுத்து, வந்தால் போடச் சொன்னாள். அவன் வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகும் போனோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, பிறகு வருடத்தில் இரண்டு மூன்று. காவல்காரர்கள் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் காதை மடித்துக் காட்டினாள். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவள் கதைத்துக்கொண்டே வருவாள். பஸ்காரன் எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் போதாமல் இருந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு, ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல், "இப்ப அது செத்திருக்கும், என்ன? வயசு போயிருக்குமே" என்றாள்.

"ஓம்" என்றேன்.

அந்த நாயைப் பற்றி அவளிடம் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.